மூன்று பச்சைப் பொட்டலங்கள்

நாற்பத்தாறு வருடம் என்னோடு குடித்தனம் செய்த பிக்-ஹா, என்னை விட்டுப் போகத் துணிமணியை எடுத்துப் பையில் வைத்தாள். நான் குடித்ததற்காக அல்ல, அது அவளுக்குப் பழகிவிட்டது. டிவி பாதியில் நின்றுபோகிறது என்பதற்காக.

முதலிலிருந்து சொல்கிறேன். செப்டம்பரில் சந்தைப் படிக்கட்டில் அவள் வழுக்கி விழுந்தாள். எந்நாளும் மழை பெய்யும் எங்கள் கீலூங் ஊரில் எந்தப் படிக்கட்டு காய்ந்திருக்கிறது, வழுக்காமல் இருக்க? இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, நான்கு கால் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தாள். எங்கள் வீடு நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது. மேலே தூக்கி வந்து வைத்தார்கள், அத்தோடு அவள் உலகம் முன்னறை நாற்காலியும் எதிரே இருக்கும் டிவியும் என்று ஆகிவிட்டது. மதியம் பன்னிரண்டு மணிக்குக் கேபிளில் ஒரு பாட்டு நாடகத் தொடர் வரும். ஒரு தளபதி, அவனுக்கு இரண்டு மனைவி, மூத்தவள் இளையவளுக்கு விஷம் வைப்பதா வேண்டாமா என்று நாற்பது நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறாள். அந்த நேரத்தில் வீட்டில் நான் இருமக்கூடாது.

இப்படி இருக்கையில் என் மருமகன் குவோ-ஹாவ் எங்களைக் காப்பாற்ற வந்தான்.

அவன் சிஞ்சு நகரில் கம்ப்யூட்டர் சில்லு தயாரிக்கும் கம்பெனியில் இன்ஜினியர். பெரிய பல்கலைக்கழகத்தில் ஏழு வருடம் படித்தவன். நான் நாலாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு, முப்பத்தோரு வருடம் ஜல்லி லாரி ஓட்டியவன். மருமகனும் மாமனாரை அப்பா என்று கூப்பிடுகிற ஊர் இது. அப்படிக் கூப்பிட வரி கிடையாது.

"அப்பா, இன்னும் கேபிளுக்குக் காசு கட்டுறீங்களா? நூறு சேனல் வருது. நீங்க பாக்குறது ரெண்டு."

"நான் பாக்குறது ஒண்ணு. அவ பாக்குறது ஒண்ணு."

"அதத்தான் நானும் சொல்றேன். அதனாலதான் காலையில வர்ற வழியிலயே கேபிள் பெட்டிய ஆபீஸ்ல குடுத்துட்டு வந்துட்டேன்."

முந்தின நாள் மதியம் நாடகம் முடிந்ததும் 'துடைத்துத் தருகிறேன்' என்று பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனவன் இவன்தான். அன்று ஞாயிறு, நாடகம் இல்லாத நாள். பிக்-ஹா பல்லைக் கடித்துக்கொண்டு இஞ்சிக் கஷாயத்தைக் குடித்தாள்.

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சை அட்டையை எடுத்தான். உள்ளங்கையில் அடங்கிவிடும். மேலே கறுப்பாய்ச் சில சில்லுகள், ஓரத்தில் வயர் சொருகும் ஓட்டைகள்.

"என்ன இது?"

"கம்ப்யூட்டர்ப்பா. முழுக் கம்ப்யூட்டர். எல்லாமே ஒரே போர்டுல. இதோட விலை, ஒரு வாரத்து மதியச் சாப்பாடு."

"யாரு சாப்பாடு? உன்னோடதா, என்னோடதா?"

என் மகள் யூ-சென் என்னை முறைத்தாள். அவளுக்கு அவன் செய்வதெல்லாம் கெட்டிக்காரத்தனம்தான்.

ஒரு மணி நேர வேலை என்றான். மதியச் சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்தவன் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் எழுந்தான். அட்டையை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடினான். பெட்டி சோப்பு டப்பா அளவு, மூடியில் வரிவரியாய், உள்ளே தெரிகிற மாதிரி கீறல். நகத்தளவு மெமரி கார்டு ஒன்றைக் கீழே செருகினான். டிவிக்கு ஒரு வயர், கரண்டுக்கு ஒரு வயர், படங்கள் ஏற்றிய ஹார்ட் டிஸ்குக்கு ஒரு வயர். டிவியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மழை மாதிரி ஓடியது. அவன் அதை வாசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான். சாமி வந்தவனிடம்கூட என்ன ஆயிற்று என்று கேட்கலாம், இவனிடம் கேட்க முடியவில்லை.

கடைசியில் ஒன்று வந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். நீலத் திரை. தொடர், சினிமா, பாட்டு, குடும்பப் படங்கள் என்று வரிசையாய்க் கட்டங்கள். அந்தத் தளபதி நாடகம் நூற்றிருபது பகுதியும் உள்ளே இருந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் எந்த நாளையும் பார்க்கலாம், பாதியில் நிறுத்தலாம், மூத்தவள் அழுகிற இடத்தைத் திரும்ப ஓட்டலாம். பிக்-ஹா ரிமோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மறுபடி அதை யாரிடமும் தரவில்லை.

அப்புறம் குவோ-ஹாவ் தன் தோள்பையைத் திறந்து, இரண்டு கையாலும் ஒரு பச்சைப் பொட்டலத்தை எடுத்தான்.

தேங்காய் வாசனைச் சோளப்பொரி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தின்பது. அதன் பெயருக்குச் 'சமத்தாக இரு' என்று அர்த்தம். படிக்காத நான் அதைத் தின்பண்டம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவன் அதை அந்தச் சோப்பு டப்பா மேல் படுக்க வைத்து, காலாவதித் தேதி தெரிகிற பக்கம் மேலே வருமாறு திருப்பி, ஓரங்களை நீவிவிட்டு, ஒரு அடி பின்வாங்கிப் பார்த்தான். கும்பிடு ஒன்றுதான் குறை.

"யாரும் இதத் தொடாதீங்க. பச்சதான் வைக்கணும், மஞ்ச செவப்பெல்லாம் ஆகாது. மெஷின் நல்லா ஓடுனா பச்ச விளக்குதான எரியும். தேதி தாண்டக்கூடாது. முக்கியமா, பிரிச்சுத் தின்னுடக்கூடாது. தின்னா மெஷின் படுத்துடும்."

"நீ வெளையாட்டுக்குத்தான சொல்ற?"

"அப்பா, எங்க கம்பெனில ஒவ்வொரு மெஷின் மேலயும் இது இருக்கு. போன வருசம் ஒரு பையன் தேதி பாக்காம விட்டுட்டான். ராத்திரியோட ராத்திரியா மூணு மெஷின் நின்னுபோச்சு. ஒரு மெஷின் வெலைக்கு இந்தத் தெருவையே வாங்கலாம்."

"அந்த மெஷின் எம்மாம் பெருசு இருக்கும்?"

"உங்க பழைய லாரி அளவு."

இதே ஆள்தான், ஆபரேஷனுக்கு எந்தத் தேதி நல்லது என்று நான் கடலம்மன் கோயிலில் பிறைக்கட்டையைப் போட்டுக் குறி கேட்டபோது சிரித்தவன். "டாக்டர் தேதி குடுத்தாச்சு. அப்புறம் எதுக்குப்பா ரெண்டு மரக்கட்டையத் தரையில போட்டு ஒடைக்கிறீங்க?" என்றான். கோயில் வாசலில், அத்தனை பேர் முன்னாலே. நான் மறக்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் பிக்-ஹா நாடகம் போட்டாள். இருபத்தைந்தாவது நிமிடம், மூத்தவள் விஷக் கிண்ணத்தைக் கையில் எடுக்கிறாள். அவள் முகம் அப்படியே உறைந்தது. பாட்டு மட்டும் கொஞ்ச தூரம் ஓடி அதுவும் திக்கித் திக்கி நின்றது. திரையின் மேல் மூலையில் சின்னதாய் ஒரு படம். தெர்மாமீட்டர்.

"பாரேன், இதுக்கும் காச்சல்," என்றாள் பிக்-ஹா.

அரை மணி கழித்துப் போட்டால் முதலிலிருந்து ஓடியது. இருபத்தைந்து நிமிடத்தில் மறுபடி நின்றது. குவோ-ஹாவுக்குப் போன் போட்டேன். வயரைக் கழற்றி மாட்டச் சொன்னான், மாட்டினேன். கீலூங்கின் ஈரக்காற்று என்றான். இருக்கலாம், எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். கரண்ட் குறைவாக வருகிறதோ என்றான். கடைசியில், "பொட்டலத்த யாராவது தொட்டீங்களா?" என்றான்.

கேபிள்காரனுக்குப் போன் போட்டேன். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள், இனிப் புது இணைப்புதான், அடுத்த மாதம் ஏழாம் தேதிக்கு முன் ஆள் இல்லை என்றான். இருபத்து மூன்று நாள். பிக்-ஹாவிடம் சொன்னேன். திரையில் உறைந்த மூத்தவளும் இவளும் ஒரே மாதிரி என்னைப் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிறு குவோ-ஹாவ் வந்து, மெமரி கார்டை அழித்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினான். மறுபடி எழுத்து மழை.

"இப்ப காச்சல் போயிடுச்சா?" என்று பிக்-ஹா கேட்டாள்.

"போயிடுச்சும்மா. அந்தப் படத்த எடுத்துட்டேன், இனிமே வராது."

"காச்சல எடுத்தியா, படத்த எடுத்தியா?"

"அது சும்மா ஒரு அறிவிப்புதாம்மா. பாக்க எடைஞ்சலா இருக்கு."

பிறகு பொட்டலத்தைப் புரட்டித் தேதி பார்த்தான். இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஆனாலும் நெற்றியைச் சுருக்கி, "ரொம்பச் சின்னது வச்சுட்டேன்," என்றான். காரிலிருந்து தலையணை அளவில் இன்னொன்று கொண்டுவந்து முதல் பொட்டலத்தின் மேல் சாத்தினான். சோப்பு டப்பா கண்ணுக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை பதினைந்து நிமிடத்தில் நின்றது.

புதன்கிழமை, தெருமுனைக் கடையில் பார்சல் வந்திருக்கிறது என்று போனில் செய்தி. போய் வாங்கினேன். மூன்றாவது பொட்டலம். எப்படி வைக்க வேண்டும் என்று அவன் போனில் சொல்லச் சொல்ல, மற்ற இரண்டும் நகராமல் அணைத்தாற்போல் நானே வைத்தேன். என் கையாலேயே. படிக்காதவன் என்று பெயர் வாங்கிவிட்டால் படித்தவன் சொல்வதை எதிர்த்துக் கேட்க வாய் வராது. அது ஒரு பழக்கம், நல்ல பழக்கம் இல்லை.

எட்டு நிமிடம். தொடக்கப் பாட்டு முடிந்து தளபதி குதிரையிலிருந்து இறங்கும்போதே நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் பிக்-ஹா மகளோடு போனில் பேசினாள். நான் சமையலறையில் இருக்கிறேன் என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்தவில்லை.

"ஞாயித்துக்கெழம வர்றப்ப என்னையும் கூட்டிட்டுப் போயிடுங்க. ஒங்க வீட்டுல லிஃப்ட் இருக்கு, டிவி ஓடுது. நாடகம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்… உங்க அப்பனா? அவன் வரமாட்டான். அங்க சண்ட போட அவனுக்கு யாரத் தெரியும்?"

நாடகம் முடிய இன்னும் எண்பது பகுதி இருந்தது. அதற்குள் அவளுக்கு லிஃப்டும் பழகிவிடும், பெரிய டிவியும் பழகிவிடும். நான்கு மாடி ஏறி இந்த ஈரச் சுவருக்குள் மறுபடி எதற்கு வரவேண்டும்? போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படி ஒரு வார்த்தை எங்களுக்குள் இதுவரை தேவைப்பட்டதில்லை, அதனால் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. "சோத்துக்கு மீன் பொரிக்கவா?" என்று கேட்டேன். "பொரி," என்றாள்.

சனிக்கிழமை மதியம் கடைசியாக ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். எட்டு நிமிடம். ரிமோட்டை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்து மேஜையில் வைத்தாள். வாங்கிய நாளிலிருந்து அதை அவள் கீழே வைத்து அன்றுதான் பார்த்தேன்.

"அலமாரி மேல இருக்குற நீலப் பைய எடுத்துக் குடு."

எடுத்துக் கொடுத்தேன். அவள் துணியை ஒவ்வொன்றாய் மடித்து அடுக்கினாள். பார்த்துக்கொண்டு நிற்கப் பிடிக்காமல் டிவிப் பக்கம் போனேன். அப்போதுதான் கவனித்தேன், பொட்டலங்கள் மூன்றும் உப்பியிருந்தன. அடியில் இருந்தது பலூன் மாதிரி விறைத்து, மேலே இருந்த பெரியதைத் தூக்கிக்கொண்டிருந்தது. கையை அடியில் விட்டேன். அப்போதுதான் வேகவைத்து எடுத்த பன் மாதிரி சூடு.

முப்பத்தோரு வருடத்தில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. வண்டியின் மூக்கை மூடினால் வண்டி சாகும். குளிர்காலத்தில் ஒருவன் மலை ஏறும்போது எஞ்சினுக்குச் சளி பிடிக்கும் என்று ரேடியேட்டருக்குத் தார்ப்பாய் கட்டினான். பாதி மலையில் எஞ்சின் கொதித்து இறுகிவிட்டது. அவனும் எங்களைவிட நாலு வகுப்பு அதிகம் படித்தவன்தான். லாரி அளவு மெஷின் மேல் ஒரு பொரிப் பொட்டலம் வைத்தால் அது பூ. சோப்பு டப்பா மேல் வைத்தால் அது மெத்தை. நாங்கள் மூன்று மெத்தை போட்டுப் போர்த்தியிருந்தோம்.

ஆனாலும் ஆதாரம் வேண்டும். இல்லையென்றால் எவன் நம்புவான்? பிக்-ஹாவின் கட்டில் பக்கத்திலிருந்த தெர்மாமீட்டரை எடுத்தேன்.

"அத எங்க கொண்டு போற?"

"இதுக்குக் காச்சல் பாக்க."

"முத்திப்போச்சு," என்றாள், மடிப்பதை நிறுத்தாமல்.

பொட்டலத்துக்கும் டப்பாவுக்கும் நடுவே செருகினேன். பாதரசம் நாற்பத்திரண்டைத் தொட்டு, மேலே போக இடமில்லாமல் நின்றது. வெடித்துவிடுமோ என்று பயந்து உருவி எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"மனுசனா இருந்தா இந்நேரம் செத்திருப்பான்," என்றாள்.

மூன்று பொட்டலத்தையும் எடுத்து முன்னோருக்குப் படைக்கும் மேடையில் பழத்தட்டுப் பக்கத்தில் வைத்தேன். அவர்களாவது பொரியைப் பொரி என்று நினைப்பவர்கள். டப்பாவின் மேல் பழைய செய்தித்தாளால் விசிறினேன். கால் மணி கழித்து பிக்-ஹா ரிமோட்டை எடுத்தாள்.

எட்டு நிமிடம் தாண்டியது. பதினைந்து தாண்டியது. மூத்தவள் கிண்ணத்தை எடுத்தாள், உறையவில்லை, கிண்ணத்தைக் கீழே போட்டு உடைத்தாள். பன்னிரண்டு நாளாக அந்தக் கிண்ணம் கையிலேயே இருந்தது. பகுதி முழுசாக முடிந்தது. பிக்-ஹா அடுத்ததைப் போட்டாள். அதுவும் முடிந்தது. நான் நூடுல்ஸ் கிண்டிக் கொண்டுவந்தேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தின்றாள். மூன்றாவது பகுதி நடுவில்,

"அந்தப் பொட்டலம் தேங்காதான?" என்றாள்.

"தேங்காதான்."

"கொண்டா."

உள்ளதைச் சொல்கிறேன், பிரிக்கும்போது என் கையும் கொஞ்சம் தயங்கியது.

"என்ன நிக்கிற? ஒனக்கும் பயமா?"

கிழித்தேன். நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. தின்றோம். கொஞ்சம் நமுத்திருந்தது, மற்றபடி நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிறு காலை குவோ-ஹாவும் யூ-சென்னும் வந்தார்கள். அவன் செருப்பைக் கழற்றும்போதே டிவிப் பக்கம் பார்த்தான். பிறகு குப்பைக்கூடையில் கிடந்த வெறும் பச்சைத்தாளைப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"யாரு பிரிச்சது?"

"இவளுக்குப் பசிச்சுது."

"அப்பா, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. இனி எப்பிடி ஓடும்?"

"நேத்து மூணு பகுதி ஓடுச்சு."

"அது தற்செயலா இருக்கும்." மேடையிலிருந்த பெரிய பொட்டலத்தை எடுத்து, டப்பா மேல் அழுத்தி வைத்து, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "இப்பப் போடுங்கம்மா. நின்னுதுன்னா, நீங்க தின்னதுனாலதான்."

பிக்-ஹா என்னைப் பார்த்தாள். போடு என்று கண்ணைக் காட்டினேன். எல்லோரும் உட்கார்ந்தோம். நீலப் பை கதவோரம் தயாராக இருந்தது. பதினேழாவது நிமிடம் தளபதியின் வாய் திறந்தபடி நின்றது.

"பாத்தீங்களா?" என்றான் அவன். ஜெயித்தவன் குரல்.

நான் எழுந்து போய், பொட்டலத்தை எடுத்து, அவன் கையில் கொடுத்தேன். "தடவிப் பாரு."

பிடித்தான். சூடு. புரட்டிப் பார்த்தான். டப்பாவின் மூடியிலிருந்த கீறல்களைப் பார்த்தான். அந்தக் கீறல் எதற்கு என்று ஏழு வருடப் படிப்பு அப்போதுதான் அவனுக்கு ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும். காது சிவந்தது. தளபதி மெதுவாக வாயை மூடி, மீண்டும் பாட ஆரம்பித்தான்.

"வெப்பம்தான்," என்றான் கடைசியில். "நான் அப்பவே சந்தேகப்பட்டேன்."

"அதனாலதான் தெர்மாமீட்டர் படத்த எடுத்துட்டியா?" என்றாள் பிக்-ஹா.

யூ-சென் சிரித்துவிட்டாள். அவனைப் பார்த்து அவள் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. உடனே அடக்கிக்கொண்டு, "அம்மா, பைய எடுத்துட்டு வரட்டுமா? மழ வர்றதுக்குள்ள கெளம்பலாம்," என்றாள்.

பிக்-ஹா திரையைப் பார்த்தாள். நான் என் கைகளைப் பார்த்தேன்.

"நான் வரல. அங்க வந்தா ஒம் புருசன் எம் மேலயும் ரெண்டு பொட்டலம் போட்டுப் போத்திடுவான்."

குவோ-ஹாவ் போகும்போது என்னைப் படிக்கட்டுப் பக்கம் ஒதுக்கினான். "அப்பா, இத வெளிய சொல்லாதீங்க. எங்க டிபார்ட்மென்ட்ல தெரிஞ்சா…" என்றான். சொல்லவில்லை, இப்போது எழுதத்தான் செய்கிறேன். ஆள் திருந்திவிட்டான் என்று நினைக்க வேண்டாம். பெரிய பொட்டலத்தைத் திரும்பவும் முன்னோர் மேடையில், டப்பாவுக்கு நேராக முகம் பார்க்கும்படி வைத்துவிட்டுத்தான் போனான். மாதம் ஒருமுறை வந்து தேதி பார்க்கிறான். பார்த்துவிட்டுப் போகட்டும், தூரத்தில்தானே இருக்கிறது.

ஏழாம் தேதி கேபிள்காரன் வந்து மணி அடித்தான். திருப்பி அனுப்பிவிட்டேன்.

பிக்-ஹா இப்போது ஊன்றுகோல் இல்லாமல் சமையலறை வரை நடக்கிறாள். நாடகத்தில் இன்னும் முப்பத்தாறு பகுதி பாக்கி. அது முடிந்தபின் என்ன என்று நான் கேட்கவில்லை. நீலப் பை கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதிலிருந்து அவள் துணியை வெளியே எடுக்கவில்லை, வேண்டியதை மட்டும் உருவிக்கொண்டு மறுபடி ஜிப்பை மூடிவிடுகிறாள். நான் தினமும் காலையில் மேடைக்கு ஊதுபத்தி ஏற்றுமுன், அந்தச் சோப்பு டப்பாவின் கீறல்களில் தூசி இருக்கிறதா என்று பார்த்து, ஊதிவிட்டு வருகிறேன்.